தலைக்கட்டுக்கு ஓர் உடம்பு

மாலைக்கனியை ஓர் இடத்தில் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. நெடுங்கரை உடல்நலத் தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வர் அறையில் அவளுக்கென்று ஒரு சுழல்நாற்காலி உண்டு. அதில் பெரும்பாலும் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். போனில் பேசினால் நடந்துகொண்டே பேசுவாள். கையெழுத்துப் போட வேண்டுமென்றால் ஜன்னல் கட்டையில் தாளை வைத்து நின்றபடி போடுவாள். முதல்வரம்மா இந்த அறைக்குள் நடந்த நடைக்கு கன்னியாகுமரிக்கே போய்த் திரும்பியிருக்கலாம் என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள்.

அந்த வாரம் நடை இன்னும் கூடிவிட்டது. கல்லூரியில் செய்த காப்பை நாடு முழுக்க இருக்கிற உப்பளங்களுக்கும் செங்கல் சூளைகளுக்கும் எடுத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய டெல்லியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது. காப்பு என்றால் மணிக்கட்டில் மாட்டுகிற ஒரு வளையம். வியர்வையையும் நாடியையும் தோலுக்கு அடியில் ஓடுகிற ரத்தத்தையும் அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். உடம்பு நன்றாக இருந்தால் பச்சை எரியும். சந்தேகம் என்றால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. குழு கையெழுத்துப் போட்டுவிட்டால் நெடுங்கரைக் காப்பு லட்சக்கணக்கான கைகளில் ஏறிவிடும். உப்பு வாருகிற ஓர் ஊர் தானே கட்டிய கல்லூரிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஊரே சுண்ணாம்பு வாளியும் கையுமாக அலைந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணன் மனைவி பேச்சியம்மாவின் கால்களைப் பார்த்தாள்.

"மயினி, காலைக் கொஞ்சம் நீட்டுங்க."

"ஒண்ணுமில்ல தாயி. நாள் பூரா நின்னா வீங்கத்தான செய்யும்" என்று சொல்லிப் பேச்சியம்மா சேலையை இழுத்து மூடப் பார்த்தாள். மாலைக்கனி விடவில்லை. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. பேச்சியம்மாவின் முகமும் ஊதித்தான் இருந்தது. ஆனால் மணிக்கட்டில் காப்பு நல்ல பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"பச்சைல்லா எரியுது" என்றான் கொம்பையா, வாசல் நிலையில் சாய்ந்தபடி. உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர், கல்லூரிக் கமிட்டித் தலைவர், இரண்டுக்கும் மேலாக மாலைக்கனிக்கு மூத்தவன். "அளத்துக்குப் போக மடி அவளுக்கு. ரெண்டு மாசமா இதே பாட்டுதான். கால் வலிக்கி, மூச்சு வாங்குதுன்னுட்டு. நடிக்கா."

"நான் எதுக்குங்க நடிக்கணும்?"

"அப்ப காப்பு பொய் சொல்லுதா?"

பேச்சியம்மா நாத்தனாரைப் பார்த்தாள். கொம்பையாவும் தங்கையைப் பார்த்தான். அந்தக் காப்பைச் செய்தவளே அவள்தானே. மாலைக்கனி காப்பைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தாள். பச்சை. தன் காப்பைக் கழற்றி அவளுக்கு மாட்டிப் பார்த்தாள். அதுவும் பச்சை.

"ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க மயினி. வேற ஒண்ணும் இல்லன்னுதான் காட்டுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சொன்னாளே தவிர, தெருமுனை தாண்டுவதற்குள் அந்தக் குழி அவள் கட்டைவிரலிலேயே இருப்பது மாதிரி உறுத்தத் தொடங்கிவிட்டது.

அந்தக் கல்லூரி பிறந்ததே ஒரு கோபத்தில்தான். வெயிலில் சுருண்டு விழுந்து அங்கங்கே ஆட்கள் செத்ததும், காப்பு மாட்டாமல் யாரும் அளத்தில் இறங்கக் கூடாது, சிவப்பு எரிந்தால் அன்றைக்கு வேலை கிடையாது என்று சட்டம் வந்தது. கேட்க நல்ல சட்டம்தான். ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் காப்பைக் கொண்டுவந்து மாட்டினார்கள். பாத்தியில் இறங்கிக் கொஞ்ச நேரம் உப்பு வாருவதற்குள் ஒவ்வொருத்தராகச் சிவப்பு எரிய ஆரம்பித்தது. சிவப்பு எரிந்தவர்களைக் கங்காணி கூலி இல்லாமல் வீட்டுக்கு விரட்டினான். அந்த இடத்துக்கு வேறு ஊர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். நெடுங்கரையில் பாதி அடுப்பு எரியவில்லை.

மாலைக்கனி அப்போது சென்னையில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருந்தாள். "நல்லா இருக்க மனுசனை நோயாளிங்குது ஒரு வளையம். படிச்சவதான நீ, வந்து என்னன்னு பாரு" என்று அண்ணன் போனில் கத்தினான். வந்து பிரித்துப் பார்த்தாள். எந்த உடம்பு நல்ல உடம்பு என்று அந்தக் காப்புக்கு ஓர் அளவு சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த அளவு எங்கோ குளுகுளு அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களிடம் எடுத்தது. அவளுக்கு ரத்தம் கொதித்தது.

"அது பட்டணத்து உடம்பு" என்றான் கொம்பையா. "நம்ம உடம்பு வேற."

ஊருக்கே அது பிடித்துப்போனது. யாரோ ஒருத்தனுடைய உடம்பை வைத்து நம்மை எதற்கு அளக்க வேண்டும்? நம் அளவை நாமே எடுத்துக்கொள்வோம். அதற்குப் படித்த பிள்ளைகள் வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்லூரி வேண்டும். கூட்டுறவுச் சங்கம் உப்பு மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி சும்மா கிடந்தது. கொத்தனார்கள் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கு எழுதிவைத்தார்கள். மதியச் சாப்பாட்டை வாரத்துக்கு ஒரு தெரு ஆக்கிப் போட்டது. மாலைக்கனி சென்னைக்குத் திரும்பவே இல்லை.

அளவெடுக்க உடம்பு வேண்டுமே? அதற்கும் ஊரிடம் ஒரு வழி இருந்தது. கோயில் கொடை விழாவுக்கு வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி பிரிக்கிற ஊர்தானே. இந்தத் தடவை தலைக்கட்டுக்கு ஓர் உடம்பு என்று தண்டோரா போட்டார்கள். ஒரு சீசன் முழுக்க காப்பை மாட்டிக்கொண்டு அளத்தில் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். அம்மனுக்கு நேர்ந்துவிடுகிற கிடாயில் நோஞ்சானைத் தேடுவார்களா? ஒவ்வொரு வீடும் இருப்பதிலேயே திடமான ஆளை அனுப்பியது. திடமான ஆள் என்றால் யார்? உச்சி வெயிலிலும் உப்பு வாருகிற பலகையைக் கீழே வைக்காதவர். நாள் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், ஒதுங்கப் போகாமல் நிற்கிற பெண். முதல் தலைக்கட்டு கொம்பையாவினுடையது. கொடுத்த உடம்பு பேச்சியம்மாவினுடையது. ஊரில் அவளைப்போல் உப்பு வார ஆள் கிடையாது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அந்தத் திடம் எப்படி வந்தது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவும் இல்லை.

புதுக் காப்பை அரசாங்கத்திடம் மல்லுக்கட்டி ஒப்புதல் வாங்கினார்கள். மாட்டிய முதல் நாள் அளம் முழுக்கப் பச்சை எரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பாட்டாளிக்கு வேலை போகவில்லை, முதலாளிக்கு வேலை நிற்கவில்லை. பிறகென்ன, பக்கத்து ஊர் அளங்களும் கேட்டன, வேதாரண்யத்திலிருந்து ஆள் வந்தது. கிட்டங்கிக்கு மேல் மாடி ஏறியது. ஆய்வுக்கூடம் வந்தது, வெளிமாவட்டப் பிள்ளைகளுக்கு விடுதி வந்தது. 'எங்கள் உடம்பே எங்கள் அளவு' என்று வாசல் வளைவில் எழுதினார்கள்.

ஒரே ஒரு வேடிக்கை மட்டும் இருந்தது. அளத்தை விட்டுவிட்டுப் படிக்க வருகிற பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் மஞ்சள் எரிய ஆரம்பித்துவிடும். மாலைக்கனிக்கே பல வருடங்களாக மஞ்சள்தான். "உக்காந்து படிச்சா உடம்பு ஊறிப்போகும்லா" என்று ஊரில் காரணம் சொன்னார்கள். அவளும் அதை நம்பி, சத்து மாத்திரைகளாக விழுங்கித் தள்ளினாள். சில வீடுகளில் பயந்துபோய்ப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். கொம்பையாவும் நிறுத்தினான். அவன் மகள் தங்கபுஷ்பம் முதல் வருடத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள். மஞ்சள் எரிந்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி அம்மாவோடு அளத்துக்கு அனுப்பினான். ஒரே சீசனில் பச்சைக்குத் திரும்பிவிட்டாள். அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டான்.

மாலைக்கனி குழி விழுந்த காலைப் பார்த்த மூன்றாம் நாள், பேச்சியம்மா பாத்தி வரப்பிலேயே மயங்கி விழுந்தாள். தங்கபுஷ்பம்தான் தூக்கியிருக்கிறாள். கங்காணி அருணாசலம் ஓடிவந்து முதலில் பார்த்தது காப்பை. பச்சை எரிந்ததால், வெயிலுக்குக் கிறுகிறுப்பு என்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அதிலேயே பாதிப் பொழுது போய்விட்டது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷெரின் ஸ்கேன் படங்களை இரண்டு தடவை பார்த்தார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, வேலை பாக்கும்போது தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டார்.

"அங்கன எப்படிம்மா குடிக்க? பொட்டவெளி. ஒரு மறைப்பு கிடையாது, ஆம்பளைங்க நடமாட்டம். குடிச்சா போகணும்லா? சாயந்திரம் வீட்டுக்கு வந்துதான் குடிப்போம்" என்றாள் பேச்சியம்மா.

"எல்லாருமா?"

"பொம்பளைங்க எல்லாரும் அப்படித்தான்."

டாக்டர் மாலைக்கனியை வெளியே அழைத்துவந்தார். "ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சு. யூரியா, கிரியேட்டினின் எல்லாம் பயங்கரமா ஏறிக்கிடக்கு. இனிமே வாழ்நாள் பூரா டயாலிசிஸ்தான். இது நேத்து வந்த நோய் இல்ல மேடம். வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. இத்தனை நாளும் இந்தக் காப்பு ஒண்ணுமே சொல்லலியா?"

"பச்சைதான் காட்டுச்சு. இப்பவும் பச்சைதான்."

டாக்டரின் கண் அவள் மணிக்கட்டுக்குப் போனது. "உங்களுக்கு மஞ்சள் எரியுதே. உங்களுக்கு என்ன?"

"எனக்கு ரொம்ப வருஷமா இப்படித்தான்."

"எதுக்கும் பாத்துருவோம்" என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வரும் வரைக்கும் மாலைக்கனி அந்த வராந்தாவின் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்குமாக நடந்தாள். தண்ணீர் பாட்டில் கையில் இருந்தது. சென்னைப் பழக்கம், ஓயாமல் குடிப்பாள். கூடவந்த தங்கபுஷ்பம் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் கையில் பச்சை எரிந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டோடு வந்தார். "உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. இங்க படுத்திருக்கவங்கள்ல பாதிப் பேருக்கு இந்த கிட்னி கிடைச்சா கும்பிடுவாங்க. நல்லா இருக்க உங்களுக்கு மஞ்சள், இவங்களுக்குப் பச்சையா? இந்தக் காப்புக்கு யார் உடம்பை அளவா வச்சீங்க?"

 மாலைக்கனி கட்டில் இருந்த அறைப்பக்கம் கையைக் காட்டினாள்.

"இவங்க உடம்பைத்தான்" என்றாள்.

அவளுக்கு அதுவரை எதுவும் அப்படி வலித்ததில்லை. ஊர் முழுக்கச் சிறுகச் சிறுகக் காய்ந்துகொண்டிருந்த உடம்புகளை எடுத்து, இதுதான் நலம் என்று ஒரு வளையத்துக்கு அவள் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பாடம் படித்த வளையம் அதையே ஊருக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறது. தாகமாக இருந்தால் பச்சை. தண்ணீர் குடித்து நிழலில் உட்கார்ந்தால் மஞ்சள். அன்றைக்கு அந்த வெளிநாட்டுக் காப்பு சிவப்பாக எரிந்ததே, அது கத்தியது உண்மையைத்தான். அதைத்தான் புதுக் காப்பு வந்த அன்றைக்கு வண்டி வண்டியாகக் கொண்டுபோய் உப்போடையில் கொட்டி, கைதட்டிச் சிரித்தார்கள்.

தங்கபுஷ்பத்துக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தொடக்கம்தான் என்றார் டாக்டர். இப்போதே வெயிலையும் தாகத்தையும் விட்டால் பிழைத்துக்கொள்வாள், இன்னும் சில சீசன் போனால் அம்மா வழிதான்.

கொம்பையா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான்.

"சரி, இப்ப என்ன செய்யணும்னு சொல்லுத?"

"அளவை மாத்தணும் அண்ணே. என் ரூம்ல இருந்தே மாத்திரலாம். ஒரே நேரத்துல எல்லாக் காப்புக்கும் போயிரும்."

"மாத்தினா?"

"பெரும்பாலும் சிவப்புதான் எரியும்."

"எரிஞ்சா கங்காணி வீட்டுக்கு அனுப்புவான். பழைய கதை. எதுக்காகக் கல்லூரி கட்டினோமோ அதையே நீ நம்ம கையால செய்யச் சொல்லுத. டெல்லிக்காரன் வேற வாரான். அவன் முன்னால நம்ம காப்பு பிழைன்னு சொன்னா கல்லூரி நிக்குமா ஏட்டி?"

"உங்க மக கிட்னி நிக்கணுமா, கல்லூரி நிக்கணுமா?"

"ஊர்ல எல்லாரும் கஞ்சி குடிக்கணும். அதச் சொல்லு" என்று அவன் எரிந்துவிழுந்தான். ஆனால் மனைவி இருந்த அறைக்குள் போகத் தயங்கி, கதவுக்கு வெளியிலேயே நின்றான்.

மறுநாள் உப்பள உரிமையாளர் சங்கச் செயலாளர் ஆரஞ்சுப் பழப் பையோடு கல்லூரிக்கு வந்தார். அவருக்குச் சேதி எப்படியோ போயிருந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். மாலைக்கனி ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நடந்தபடி கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்காரங்க புத்தகத்தைப் பாத்துப் பேசுவாங்கம்மா. நம்ம ஜனங்க உடம்பு வேற. உப்புலயும் வெயில்லயும் பழகின உடம்பு. பட்டணத்து அளவை இங்க கொண்டாந்து வச்சா ஒருத்தர் தேறமாட்டாங்க. நான் சொல்லல, நீங்க எல்லாரும் சொன்னதுதான?"

அவளுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். வார்த்தைக்கு வார்த்தை அவள் அண்ணன் சொன்னது, அவள் மேடை மேடையாகப் பேசியது. ஊர் தலை நிமிர்ந்து சொன்ன சொல்லை இவர் சாய்ந்து உட்கார்ந்து சொல்கிறார். கேட்கக் கேட்க, இத்தனை வருடமும் அது யாருக்கு உதவியது என்பது அவளுக்கு விளங்கியது.

"பழத்தை எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

யாருக்கும் தெரியாமல் ஒரு பொத்தானைத் தட்டி அளவை மாற்றிவிட அவளால் முடியும். கையும் துறுதுறுத்தது. ஆனால் அந்த அளவு அவளுடையது இல்லை. தலைக்கட்டுக்கு ஓர் உடம்பு கொடுத்து வாங்கியது. எடுப்பதென்றாலும் தலைக்கட்டுகளைக் கூட்டித்தான் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூரி முற்றத்தில் ஊரைக் கூட்டினாள்.

அவள் பேசப் பேச முற்றம் சலசலத்தது. முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு கோபம் வந்தது. "பச்சைன்னு நீதான சொன்ன?" என்று ஒருத்தி எழுந்து கேட்டாள். "எங்க வீட்டு மாமா மஞ்சக்காமாலையா இருக்கும்னு கிடந்தே செத்தாரு. அவருக்கும் பச்சைதான் எரிஞ்சிது. அதுவும் இதுதானா?"  இருக்கும் என்று மட்டும் மாலைக்கனி சொன்னாள். அந்தப் பெண் மண்ணை வாரித் தூற்றினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, மாலைக்கனியும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் சரி, புது அளவுக்கு யாரு உடம்பக் குடுக்க? ஊர்ல நல்ல உடம்பு எங்க இருக்கு?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"இருக்கு" என்றாள். "ஆஸ்பத்திரி அளவையும் வாங்கியிருக்கேன். இங்க நம்ம ஊர்லயும் இருக்கு. மஞ்சள் எரியுத பிள்ளைங்க."

நோஞ்சான்கள் என்று ஊர் கேலி செய்த மாணவிகள் சுவரோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லாத் தலைகளும் அவர்கள் பக்கம் திரும்பின. அப்போதுதான் கொம்பையா எழுந்தான். எதிர்த்துப் பேசப் போகிறான் என்றுதான் மாலைக்கனி நினைத்தாள். அவன் ஊரைப் பார்த்துப் பேசவில்லை, மகளைப் பார்த்துப் பேசினான்.

"என் பிள்ளை மஞ்சளா இருக்கும்போது நல்லா இருந்திருக்கா" என்றான். "நாந்தான் அளத்துக்கு அனுப்பிப் பச்சையாக்கினேன்."

 சொல்லிவிட்டு உட்காரத் தெரியாமல் நின்றான். சங்கத் தலைவனை ஊர் அப்படிப் பார்த்ததில்லை.

"மாத்துங்க. ஆனா முன்ன மாதிரி பண்ணாதீங்க" என்று தங்கபுஷ்பம் சொன்னாள்.  "முன்ன ஒவ்வொருத்தருக்கா சிவப்பு எரிஞ்சுது, ஒவ்வொருத்தரா விரட்டினான். அத்தை, நீங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல மாத்துங்க. பக்கத்து ஊர் அளத்துக்கும் சேத்து. மழைக்கு முன்னால உப்பு அள்ளணும்லா. எல்லாக் கையும் சிவப்புன்னா யாரை விரட்டுவான்? யாரைக் கொண்டாந்து இறக்குவான்? வாரவனுக்கும் நம்ம காப்புதான்."

 ஒருத்தி கை தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. மண்ணை வாரித் தூற்றியவளும் தூக்கினாள். கொடை நாள் குறிக்கிற மாதிரி நாள் குறித்தார்கள். பக்கத்து ஊர் அளங்களுக்கு ஆள் விட்டுச் சொல்லி, அவர்களையும் அதே நாளுக்கு இணங்க வைத்தார்கள்.

டெல்லிக் குழுவும் வந்தது. மாலைக்கனி மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் இளநீர் குடித்தார்கள், தலையை ஆட்டினார்கள், புது அளவு வைத்தால் நாட்டில் பாதி சூளைகளும் அளங்களும் நின்றுவிடுமே என்று கவலைப்பட்டார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். வந்த வேகத்தைவிடப் போன வேகம் அதிகம்.

குறித்த நாள் காலையில் மாலைக்கனியும் அளத்துக்கே போனாள். பொத்தானை அங்கிருந்தே தட்டினாள். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பெண்கள் சேலைக்கு மேல் ஆண்சட்டை போட்டு, பலகையைப் பிடித்துக்கொண்டு பாத்திகளில் நின்றார்கள். முதல் சிவப்பு வடக்குப் பாத்தியில் எரிந்தது. பிறகு அதற்கு அடுத்த கை. பிறகு கண்ணுக்கெட்டிய வெள்ளை வெளி முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். யாரும் குலவை போடவில்லை. தன் உடம்பைப் பற்றி இப்படி ஒரு செய்தி வரும்போது யார்தான் குலவை போடுவார்கள்? சிலர் அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அழுதார்கள். ஒருத்தி காப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

கங்காணி அருணாசலம் போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடினான். "எல்லாருக்கும் முதலாளி... ஆமா, ஒருத்தர் பாக்கி இல்ல" என்று கத்தினான். கத்திக்கொண்டிருக்கும்போதே அவன் குரல் தாழ்ந்தது. போன் பிடித்த கையைத் திருப்பிப் பார்த்தான். அவனும் அதே வெயிலில் அதே வரப்பில் நின்று காய்ந்தவன்தானே. "அக்கா, எனக்குமா?" என்று மாலைக்கனியிடம் கேட்டான். "உக்காரு அருணாசலம். தண்ணி குடி" என்றாள்.

உப்பு பாத்தியிலேயே கிடந்தது. மேகம் தென்கிழக்கில் திரண்டுகொண்டிருந்தது. மதியத்துக்கெல்லாம் செயலாளர் காரில் வந்து இறங்கினார். இந்தத் தடவை பழப் பை இல்லை. நிழலுக்குக் கொட்டகை, குடிக்கத் தண்ணீர், பெண்களுக்கு மறைவான கழிப்பறை, உச்சி வெயிலில் கூலியோடு ஓய்வு, முடியாதவர்களுக்கு வைத்தியம் என்று கொம்பையா கேட்டதையெல்லாம் நின்றபடி கேட்டுக்கொண்டார். உடனே தலையாட்டவில்லை, கிளம்பிப் போகவும் இல்லை. இழுபறி எத்தனை நாள் நடக்குமோ, மழை யாருக்காகக் காத்திருக்குமோ, யாருக்குத் தெரியும்? நடுவில் ஊர் பசியோடு படுக்க வேண்டியும் வரலாம்.  பேச்சு நடக்கும்போதே மாலைக்கனி தங்கபுஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

பேச்சியம்மா முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்து வந்திருந்தாள். உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்று பாயில் படுத்திருந்தாள். ஊரில் என்ன நடந்தது என்று அவளுக்கு முழுதாகத் தெரியாது. மாலைக்கனி பக்கத்தில் மண்டியிட்டு, போர்வைக்குள் இருந்த அவள் கையை மெதுவாக வெளியே எடுத்தாள். 

"மயினி... பயப்படாதீங்க. உங்களுக்கும் சிவப்பு எரியுது."

பேச்சியம்மா கையைக் கண்ணருகே கொண்டுபோனாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள், முழங்கையை ஊன்றி எழ ஆரம்பித்தாள். தங்கபுஷ்பம் ஓடிவந்து தாங்கிக்கொண்டாள். அன்றைய பேச்சை முடித்துவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கொம்பையாவைப் பேச்சியம்மா பெயர் சொல்லாமல், ஆனால் தெருவுக்கே கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. சீக்கிரம் வாங்க."

அவன் பதறி ஓடிவந்தான். அவள் அந்தச் சிவப்புக் கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். வீங்கிய முகம் முழுக்கச் சிரிப்பு. கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா?" என்றாள். "நான் நடிக்கல்ல."